கறுப்பின வாழ்வையும் சமூக நீதியையும் பேசும் ஆவணப்படங்களுக்கான விருதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்படிப்பட்ட படங்களுக்கென்றே தனி விருது ஏதாவது இருக்கிறதா?

பல இருக்கின்றன. அமெரிக்காவில் 1909இல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்பு 1967 முதல் இமேஜ் விருதுகளைக் கொடுத்துவருகிறது. ஆவணப்படத்துக்கும் அதில் இடம் உண்டு. பிளாக் ரீல் விருதுகள் 2000இல் வந்தவை. லாஸ் ஏஞ்சலிஸில் 1992 முதல் பான் ஆப்பிரிக்கன் திரைப்பட விழா நடக்கிறது. பிலடெல்பியாவின் பிளாக்ஸ்டார் விழா 2012இல் தொடங்கியது. இளைய இயக்குநர்களுக்கு அது இன்று முக்கியமான மேடை. அமெரிக்காவுக்கு வெளியே என்றால் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் நடக்கும் ஃபெஸ்பாகோ. 1969இல் பிறந்த விழா அது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் கறுப்பினத்தவரின் படங்களுக்கு, பாடகரும் நடிகருமான பால் ராப்சன் பெயரில் அங்கே ஒரு பரிசு தருகிறார்கள்.

ஆனால் செய்தித்தாளில் நாம் படிப்பது பெரும்பாலும் இவற்றைப் பற்றியல்ல. ஆஸ்கர், எம்மி, பீபாடி, சன்டான்ஸ் என்று எல்லாப் படங்களுக்குமான பொது விருதுகளைப் பற்றித்தான். கறுப்பின வாழ்வைச் சொன்ன படங்கள் அந்தப் பொது மேடைகளில் பட்ட பாடுதான் சுவாரஸ்யமான கதை. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எல்லாமே விருதுதானே, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்?

யார் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆஸ்கரில் திரைத்துறையினர் ஓட்டுப் போடுகிறார்கள். ஆவணப்படப் பிரிவு உறுப்பினர்கள் முதலில் 15 படங்களைக் குறும்பட்டியலாக எடுத்து, அதிலிருந்து ஐந்தைப் பரிந்துரைப்பார்கள். வெற்றியாளரை ஆஸ்கரை நடத்தும் அகாடமி என்ற திரைத்துறையினர் அமைப்பு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். அதாவது கடைசிச் சுற்றில் ஒப்பனைக் கலைஞர், நடிகர், ஒலிப்பதிவாளர் என்று எல்லோருக்கும் ஓட்டு உண்டு. எம்மி தொலைக்காட்சிக்கு. சன்டான்ஸ் ஒரு திரைப்பட விழா; அங்கே ஒரு சிறிய நடுவர் குழு ஒரு பரிசும், படம் பார்க்க வந்தவர்கள் ஓட்டுப் போட்டு இன்னொரு பரிசும் கொடுப்பார்கள். வரலாற்று ஆசிரியர்களும் விருது தருகிறார்கள்: அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் அமைப்பின் எரிக் பார்னோ விருது, அமெரிக்க வரலாற்றைச் சொல்லும் படங்களுக்கானது. அதை வென்ற படத்தைப் பாடத்தில் சேர்க்க ஆசிரியர்கள் தயங்கமாட்டார்கள்.

ஒரு படம் ஐந்து விருது வாங்கியது என்றால் ஐந்து வெவ்வேறு கூட்டத்துக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஆஸ்கர் கிடைக்காத படம் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ‘ஹூப் ட்ரீம்ஸ்’ கதையைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

பீபாடி விருது என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

வானொலி, தொலைக்காட்சி, இப்போது இணையம் ஆகியவற்றுக்கான விருது. முதல் விருதுகள் 1941இல் கொடுக்கப்பட்டன. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் இதழியல் கல்லூரி இதை நடத்துகிறது. நடுவர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் விருது. ஒருவர் மறுத்தாலும் கிடையாது. ஓட்டெண்ணிக்கையில் ஜெயிக்கும் விருதைவிட இதற்குத் தனி மதிப்பு இருப்பது அதனால்தான்.

இந்த விருதுக்கும் கறுப்பின வரலாற்றுக்கும் ஒரு வினோதமான தொடர்பு உண்டு. விருதை நடத்தும் அந்தப் பல்கலைக்கழகம் 1961 ஜனவரி வரை கறுப்பின மாணவர் ஒருவரைக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. நீதிமன்ற உத்தரவோடு உள்ளே நுழைந்த இருவரில் ஒருவர் சார்லீன் ஹன்டர். அவர் சேர்ந்தது இதழியல் படிப்பில். விடுதிக்கு வெளியே கலவரக் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. படிப்பை முடித்துப் பத்திரிகையாளரான அவருக்கு, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டிய தொலைக்காட்சித் தொடருக்காக 1986ஆம் ஆண்டுக்கான பீபாடி கிடைத்தது. அந்த இதழியல் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த ஹென்றி கிரேடியோ வெள்ளையர் மேலாதிக்கத்தை வெளிப்படையாக ஆதரித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர். அந்தப் பெயர் இன்னும் வாசலில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீபாடிக்குப் போட்டியிட்ட படங்களை, தோற்றவை உட்பட, அந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துவைத்திருக்கிறது. உள்ளூர் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய நாடாக்களின் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவுசெய்த காலம் அது. அப்படி அழிந்திருக்கக்கூடிய 1960களின் நிகழ்ச்சிகள் சில, விருதுக்கு அனுப்பிய ஒரே காரணத்தால் பிழைத்துக் கிடக்கின்றன.

ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின ஆவணப்பட இயக்குநர் யார்?

ரோஜர் ராஸ் வில்லியம்ஸ். ஜிம்பாப்வேயில் உடல் ஊனத்தோடு பிறந்து பாடகியான ஒரு பெண்ணைப் பற்றிய ‘மியூசிக் பை புரூடன்ஸ்’ குறும்படத்துக்காக 2010இல் வாங்கினார். தான் இயக்கிய படத்துக்கு ஆஸ்கர் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான், கதைப்படங்களையும் சேர்த்து. முழுநீளப் படத்துக்கு வாங்கிய முதல் ஆள் டி.ஜே. மார்ட்டின், 2012இல், மெம்ஃபிஸ் நகரப் பள்ளி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய ‘அன்டிஃபீட்டட்’ படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவராக.

கறுப்பினத்தவரின் கதைக்கு ஆஸ்கர் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. லிட்டில் ராக் நகரின் வெள்ளையர் பள்ளியில் 1957இல் ராணுவக் காவலோடு சேர்ந்த ஒன்பது மாணவர்களைப் பற்றிய ‘நைன் ஃபிரம் லிட்டில் ராக்’ 1965இல் குறும்பட ஆஸ்கர் வாங்கியது. இயக்கிய சார்ல்ஸ் குகன்ஹைம் வெள்ளையர். எடுக்கச் சொன்னது அமெரிக்க அரசின் தகவல் நிறுவனம். வெளிநாட்டினருக்குப் போட்டுக்காட்டி நாட்டின் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது நோக்கம். கதைக்கு 1965, கதைக்காரருக்கு 2010. நடுவில் 45 ஆண்டுகள்.

‘ஹூப் ட்ரீம்ஸ்’ விவகாரம் என்ன? ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

சிகாகோவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள், வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏகி. இருவருக்கும் கூடைப்பந்து நன்றாக வரும். புறநகரிலுள்ள ஒரு தனியார் கத்தோலிக்கப் பள்ளி இருவரையும் ஆட்டத்துக்காகவே சேர்த்துக்கொள்கிறது. ஆர்தர் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. வீட்டில் கட்டணமும் கட்ட முடியவில்லை. பள்ளி அவனை அனுப்பிவிடுகிறது. அரை மணிநேரப் படமாக எடுக்க நினைத்துப் போன ஸ்டீவ் ஜேம்ஸ் குழு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அந்தக் குடும்பங்களோடு சுற்றியது. மூன்று மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான படம் வந்தது. வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்ட பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது. ஆர்தரின் அம்மா செவிலியர் உதவியாளர் பயிற்சியில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கி அழுகிற இடத்தைப் பார்த்தவர்கள் கூடைப்பந்தை மறந்துவிடுவார்கள்.

1994இல் சன்டான்ஸில் பார்வையாளர் விருது கிடைத்தது. விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த படங்களில் ஒன்று என்றார்கள், ஆவணப்படம் என்ற அடைமொழியே இல்லாமல். ஆஸ்கர் பரிந்துரை வந்தபோது சிறந்த ஆவணப்படப் பட்டியலில் அதைக் காணவில்லை. படத்தொகுப்புக்கு மட்டும் ஒரு பரிந்துரை, அதுவும் கதைப்படங்களோடு போட்டி. பெரிய ரகளை ஆனது. விசாரித்தபோது தெரிந்த விஷயம்: அன்று ஆவணப்படங்களைத் தேர்ந்தெடுத்தது பகலில் உட்கார்ந்து படம் பார்க்க நேரம் உள்ள ஒரு தன்னார்வக் குழு. படம் பிடிக்காதவர்கள் டார்ச் விளக்கைக் காட்டுவார்கள். போதுமான விளக்குகள் எரிந்தால் படத்தை நிறுத்திவிடுவார்கள். ‘ஹூப் ட்ரீம்ஸ்’ முடியும்வரை ஓடவே இல்லை.

அந்த அவமானத்துக்குப் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக மாறின. 2001இல் ஆவணப்படக்காரர்களுக்கென்று அகாடமியில் தனிப் பிரிவு வந்தது. தோற்ற படம் ஒன்று விதியை மாற்றியதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

நடுவர்கள் எல்லாம் வெள்ளையர்களாக இருந்ததுதான் காரணமா?

பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பது உண்மை. 2012இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் அகாடமி உறுப்பினர்களை எண்ணிப் பார்த்தபோது 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள் என்று வந்தது. 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளில் ஒருவர்கூட வெள்ளையரல்லாதவர் இல்லை. இணையத்தில் கிளம்பிய எதிர்ப்பில் அகாடமி புது உறுப்பினர்களைச் சேர்க்க ஆரம்பித்தது.

ஆனால் ‘ஹூப் ட்ரீம்ஸ்’ விஷயத்தில் நிறத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிக் கதைதான். முழுப் படத்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாம் என்ற விதி, எந்த நிறத்தவர் கையில் இருந்தாலும் தப்பான விதிதான். நீளமான, பொறுமை கேட்கிற, தனக்குப் பழக்கமில்லாத தெருவைக் காட்டுகிற படம் அதில் முதலில் அடிபடும்.

2017ஆம் ஆண்டை ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

அந்த ஆண்டு ஆஸ்கருக்குப் போன ஐந்து முழுநீள ஆவணப்படங்களில் நான்கைக் கறுப்பின இயக்குநர்கள் எடுத்திருந்தார்கள். ஏவா டுவர்னேயின் ‘தர்ட்டீன்த்’, ரவுல் பெக்கின் ‘ஐ ஆம் நாட் யுவர் நீக்ரோ’, எஸ்ரா எடல்மனின் ‘ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா’, மேலே சொன்ன ரோஜர் ராஸ் வில்லியம்ஸின் ‘லைஃப், அனிமேட்டட்’. வில்லியம்ஸின் படம் ஆட்டிசம் உள்ள ஒரு வெள்ளைக்கார இளைஞரைப் பற்றியது. கறுப்பின இயக்குநர் கறுப்பினப் பிரச்சினையைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

‘தர்ட்டீன்த்’ அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்திலிருந்து கிளம்புகிறது. அடிமை முறையை ஒழித்த திருத்தம் அது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் மட்டும் விலக்கு உண்டு என்று ஒரு வரி உள்ளே இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தோட்டங்களில் தொடங்கி இன்றைய சிறைகள்வரை படம் நடந்துபோகிறது. ஆஸ்கர் கிடைக்கவில்லை, பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா, பீபாடி, எம்மி எல்லாம் கிடைத்தன. பெக்கின் படம், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் முப்பது பக்கங்களோடு விட்டுவிட்டுப் போன கையெழுத்துப் பிரதியின் மேல் கட்டப்பட்டது. அதற்கும் மறு ஆண்டு பாஃப்டா கிடைத்தது.

ஆஸ்கர் போனது, கொலை வழக்கில் சிக்கிய அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் பற்றிய ‘ஓ.ஜே.’ படத்துக்கு. 467 நிமிடம்! விளையாட்டுத் தொலைக்காட்சிக்காக ஐந்து பகுதிகளாக எடுத்ததை ஒரே படமாகத் தியேட்டரில் ஓட்டித் தகுதி வாங்கினார்கள். அது ஜெயித்த சில வாரங்களிலேயே, பல பகுதித் தொடர்கள் இனி போட்டியிட முடியாது என்று அகாடமி விதி போட்டது.

‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடரை ஏன் எல்லோரும் முன்னோடி என்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்ட வரலாற்றைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் இது. எடுத்தவர் ஹென்றி ஹாம்ப்டன், செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். பதினைந்து வயதில் போலியோ தாக்கி, காலில் இரும்புப் பட்டை போட்டு நடந்தவர். 1965இல் ஒரு மதச் சபையின் ஊழியராக அலபாமாவின் செல்மாவுக்குப் போய் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார். இதைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. 1968இல் பாஸ்டனில் பிளாக்சைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். படம் வந்தது 1987 ஜனவரியில். இடைப்பட்ட காலமெல்லாம் பணத்துக்கு அலைச்சல்.

அவர் எடுத்த விதம் புதிது. பேராசிரியர்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வைக்கவில்லை. அந்த இடத்தில் அந்த நாளில் இருந்தவர்கள் மட்டுமே பேச வேண்டும் என்று வைத்தார்: ஊர்வலம் போனவர்கள், அவர்களைத் தடுத்த ஷெரீஃபுகள், ஆளுநர்கள் எல்லோரும். பேராசிரியர்களுக்கு வேறு வேலை. படப்பிடிப்புக்கு முன்பே அவர்களை வரவழைத்துத் தன் குழுவுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பு எடுக்க வைத்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஜோடியாகப் பகுதிகளைத் தயாரித்தார்கள். இருவரும் சண்டை போட்டு ஒப்புக்கொண்டதுதான் திரைக்கு வரும்.

முதல் பகுதியில் எம்மெட் டில் கதை வருகிறது. சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு விருந்தாளியாக வந்த பதினான்கு வயதுப் பையன். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை இல்லாமல் நடந்தான் என்று 1955இல் அடித்துக் கொல்லப்பட்டான். அவனுடைய பெரிய மாமா மோஸ் ரைட், வெள்ளையர் நிறைந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று கையை நீட்டிக் கொலைகாரர்களை அடையாளம் காட்டினார். நடுவர் குழு முழுக்க வெள்ளையர், விடுதலை. சாட்சி சொன்ன கையோடு மோஸ் ரைட் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று.

விருதுகள் குவிந்தன: பீபாடி, எம்மிகள். செல்மாவைப் பற்றிய ஆறாம் பகுதிக்கு ஆஸ்கர் பரிந்துரை. 1990இல் இன்னும் எட்டுப் பகுதிகள் வந்தன. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாடமே இதுதான் என்ற நிலை.

அப்புறம் படம் காணாமல் போனது. பழைய செய்திப் படத்துணுக்குகள், புகைப்படங்கள், பாடல்கள் எல்லாவற்றுக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமம் வாங்கியிருந்தார்கள்; அவ்வளவுக்குத்தான் கையில் காசு இருந்தது. 1990களின் நடுவில் அவை ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவருடைய ஆட்கள் பிறந்தநாள் பாட்டுப் பாடும் ஒரு காட்சி இருக்கிறது. ‘ஹாப்பி பர்த்டே’ பாட்டுக்கே அன்று காப்புரிமைப் பணம் கட்ட வேண்டும்! ஹாம்ப்டன் 1998இல் இறந்துபோனார். ஒளிபரப்ப முடியாது, புதுப் பிரதி விற்க முடியாது. நூலகங்களில் தேய்ந்த வி.எச்.எஸ். கேசட்டுகள்தான் மிச்சம். கடைசியில் ஃபோர்டு அறக்கட்டளை ஆறு லட்சம் டாலரும், ரிச்சர்ட் கில்டர் என்ற கொடையாளர் இரண்டரை லட்சமும் கொடுத்து உரிமங்களைப் புதுப்பித்தார்கள். 2006இல் திரும்ப ஒளிபரப்பானது.

இத்தனை கோப்பை வாங்கிய படத்துக்கே இந்தக் கதி என்றால், விருதுத் தொகையைவிட உரிமச் செலவுக்கான நிதி முக்கியம் என்று ஆவணப்படக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸும் சேர்ந்து 2019இல் தொடங்கிய பரிசு அந்த வகையில் நல்ல யோசனை. முடியும் தறுவாயில் இருக்கும் வரலாற்றுப் படத்துக்கு இரண்டு லட்சம் டாலர், படத்தை முடித்து வெளிக்கொண்டுவருவதற்காகவே.

விருது வாங்கிய படத்தால் வழக்கு திரும்ப எடுக்கப்பட்டதுண்டா?

உண்டு, ஆனால் கோப்பையால் அல்ல, படத்தால். எம்மெட் டில் கொலையைப் பற்றி ஸ்டான்லி நெல்சன் 2003இல் எடுத்த படம் பீபாடியும் எம்மியும் வாங்கியது. கீத் பியூசாம்ப் என்பவர் பல ஆண்டுகள் சாட்சிகளைத் தேடித் தனியே ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். 2004இல் அமெரிக்க நீதித்துறை விசாரணையைத் திரும்பத் திறந்ததற்கு இவையும் ஒரு தூண்டுதல். ஆனால் 2007இல் மிசிசிப்பி நடுவர் குழு யார்மீதும் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. எம்மெட் டில் பெயரில் கும்பல் கொலைத் தடுப்புச் சட்டம் வந்தது 2022இல்.

‘தி சென்ட்ரல் பார்க் ஃபைவ்’ (2012) வேறு வகை. நியூயார்க்கில் 1989இல் நடந்த ஒரு வன்கொடுமைக்குத் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஐந்து கறுப்பின, லத்தீன் அமெரிக்கச் சிறுவர்கள் பற்றியது. 2002இலேயே தண்டனை ரத்தாகிவிட்டது. நஷ்டஈட்டு வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. படத்துக்காக எடுத்த, படத்தில் சேர்க்காத பதிவுகளையெல்லாம் கொடு என்று நகர நிர்வாகம் இயக்குநர்களுக்குச் சம்மன் அனுப்பியது. நீதிபதி அதை ரத்துசெய்தார். 2014இல் நகரம் ஏறத்தாழ 4.1 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. படத்துக்குப் பீபாடி. ஆவணப்பட இயக்குநருக்கும் பத்திரிகையாளருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னதைத்தான் நான் பெரிய பரிசாக நினைக்கிறேன்.

விருதுக்குப் போன படம் பொய் என்று தெரியவந்ததுண்டா?

1992இல் வந்த ‘லிபரேட்டர்ஸ்’ ஒரு பாடம். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைப்பிரிவுகளைப் பற்றியது. நல்ல நோக்கம், ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. ஆனால் புகன்வால்ட், டக்காவ் வதை முகாம்களை இந்தப் பிரிவுகள் விடுவித்ததாகப் படம் சொன்னதை, அந்தப் படைகளில் இருந்த முதியவர்களே மறுத்தார்கள். தொலைக்காட்சி நிலையம் 1993இல் படத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வீரர்கள் உண்மையில் செய்ததே போதுமான அளவு பெரிது. கூட்டிச் சொன்னதில் அதுவும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளானது.

கறுப்பினத்தவர் கதையை மற்றவர்கள் எடுத்தால் விருது கொடுக்கலாமா?

கொடுத்திருக்கிறார்கள், சரியாகவே. புளோரிடாவில் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன்மேல் போடப்பட்ட பொய்க் கொலைவழக்கை ‘மர்டர் ஆன் எ சண்டே மார்னிங்’ என்று படமாக்கி 2002இல் ஆஸ்கர் வாங்கியது ஒரு பிரெஞ்சுக் குழு. 2025இல் சன்டான்ஸில் இயக்குநர் விருது பெற்ற ‘தி பர்ஃபெக்ட் நெய்பர்’ படத்தை எடுத்தவர் இந்திய வம்சாவளி கீதா காண்ட்பிர். புளோரிடாவில் அண்டைவீட்டு வெள்ளைக்காரப் பெண், பூட்டிய கதவு வழியாகச் சுட்டு ஒரு கறுப்பினத் தாயைக் கொன்ற சம்பவம். படத்தின் பெரும்பகுதி போலீசாரின் சட்டையில் இருந்த கேமரா பதிவுகள்தான். பேட்டி எடுத்து நம்மை அழவைக்கும் வேலையே இல்லை.

ஆனால் கேள்வி நியாயமானது. 1968இல் ‘பிளாக் ஜர்னல்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, கறுப்பினத்தவரால் கறுப்பினத்தவருக்கு என்று விளம்பரத்தோடு தொடங்கியது. தலைமைப் பொறுப்பிலோ வெள்ளையர். கறுப்பின ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வில்லியம் கிரீவ்ஸ் தலைமைக்கு வந்தார். நிகழ்ச்சி எம்மி வாங்கியது. கேமராவுக்குப் பின்னால் யார் என்பதைவிடக் காசோலையில் கையெழுத்திடுவது யார் என்று கேட்பது இன்றும் பலன் தரும் கேள்வி.

துயரத்தைக் காட்டினால்தான் விருது கிடைக்குமா?

அப்படித்தான் பல காலம் இருந்தது, கொஞ்சம் மாறியிருக்கிறது. ராமெல் ராஸ் எடுத்த ‘ஹேல் கவுன்டி திஸ் மார்னிங், திஸ் ஈவினிங்’ (2018) 76 நிமிடம்தான். அலபாமாவின் ஒரு கிராமப்புறத்தில் ஒரு குழந்தை கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது, கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குற்றம், போலீஸ், பேட்டி எதுவும் இல்லை. சன்டான்ஸில் சிறப்புப் பரிசு, ஆஸ்கர் பரிந்துரை. கேரட் பிராட்லியின் ‘டைம்’ (2020) கொள்ளை வழக்கில் அறுபது ஆண்டுத் தண்டனை பெற்ற கணவருக்காகக் காத்திருக்கும் மனைவியின் கதை. குறும்படமாக முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது அந்தப் பெண் ஒரு பை நிறைய வீட்டு வீடியோ நாடாக்களைக் கொடுத்தார், சுமார் நூறு மணிநேரம். கணவர் வந்தால் காட்டுவதற்காக எடுத்தவை: பிள்ளைகள் வளர்வது, பல் விழுவது, சமையலறைக் கேலி. அதுவே படமாயிற்று. சன்டான்ஸில் அமெரிக்க ஆவணப்படப் பிரிவின் இயக்குநர் விருது பெற்ற முதல் கறுப்பினப் பெண் பிராட்லி.

கொண்டாட்டத்துக்கும் விருது உண்டு. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த இசை விழாவைப் படம்பிடித்த நாடாக்கள், வாங்க ஆளில்லாமல் ஐம்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்தன. இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் அவற்றை ‘சம்மர் ஆஃப் சோல்’ ஆக்கி 2022இல் ஆஸ்கர் வாங்கினார்.

அது வில் ஸ்மித் அறைந்த அன்றுதானே?

ஆமாம். ஆவணப்பட விருதை அறிவிக்க வந்த நகைச்சுவைக் கலைஞர்தான் அடி வாங்கினார். உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நிமிடத்தில் குவெஸ்ட்லவ் மேடையேறி அழுதார், யாருக்கும் நினைவில்லை. அன்று தோற்ற நான்கில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று 1971இல் 43 உயிர்களைப் பலிகொண்ட சிறைக் கிளர்ச்சியைப் பற்றி ஸ்டான்லி நெல்சனும் டிரேசி கரியும் எடுத்த ‘அட்டிகா’. அதற்கு அமெரிக்க இயக்குநர்கள் சங்க விருது கிடைத்தது. இன்னொன்று நம் நாட்டுப் படம்: உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தைப் பற்றி ரிந்து தாமசும் சுஷ்மித் கோஷும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’.

இன்று இந்தப் படங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அறக்கட்டளைகள், ஓடிடி நிறுவனங்கள், பொதுத் தொலைக்காட்சி. 1979இல் தொடங்கிய பிளாக் பப்ளிக் மீடியா போன்ற அமைப்புகள் பொதுத் தொலைக்காட்சி நிதியை நம்பியிருந்தன. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நிதியை வெட்டிவிட்டது. ஓடிடிகள் வாங்கும், ஆனால் தங்களுக்கு வேண்டியதை மட்டும்.

எதில் தொடங்கலாம்?

‘தர்ட்டீன்த்’ நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது; 2020இல் யூடியூபிலும் இலவசமாக விட்டார்கள். அடுத்து ‘ஸ்ட்ராங் ஐலண்ட்’. இயக்குநர் யான்ஸ் ஃபோர்டின் அண்ணன் 1992இல் ஒரு வெள்ளைக்கார மெக்கானிக்கால் சுடப்பட்டார், வழக்கே நடக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பழைய புகைப்படங்களை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் கைகளைப் பாருங்கள். நேரம் இருந்தால் ‘ஹூப் ட்ரீம்ஸ்’, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இடைவேளை விடாமல். படிக்க விரும்புகிறவர்கள், ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடருக்காக எடுத்த முழு நேர்காணல்களின் எழுத்துவடிவத்தைச் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஹாம்ப்டன் படித்த பல்கலைக்கழகம் அது. படத்தில் ஒரு நிமிடம் வருபவர்கள் அங்கே பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள்.